புதுப்பிப்பு: பெந்தியு திரும்பிவிட்டேன்

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, தெற்கு சூடானில் உள்ள பெந்தியுவுக்கே திரும்புவதா, ஊரிலேயே வேலை தேடுவதா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் "போதும், அம்மாவைப் பாருங்க" என்றீர்கள். அம்மாவோ பருப்புப்பொடி இடித்துக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தலைநகர் ஜூபாவிலிருந்து வரும் ஐ.நா. விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கறார். ஊறுகாய் ஜூபாவிலேயே நின்றுவிட்டது, பொடி தப்பியது.

2021 வெள்ளத்துக்குப் பிறகு இங்குள்ள இடம்பெயர்ந்தோர் முகாமும் விமான ஓடுபாதையும் மண்கரைகளை நம்பித்தான் இருக்கின்றன. என் வேலை குடிநீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது குறைந்தபட்சக் கணக்கு. குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும். வந்ததும் சோதனைக் குப்பியில் மாத்திரையைப் போட்டுக் குலுக்கினேன்: நல்ல இளஞ்சிவப்பு, அதாவது தண்ணீரில் குளோரின் இருக்கிறது. நான் இல்லாதபோதும் உள்ளூர் நுயர் இன ஊழியர்கள் பதிவேட்டை ஒரு நாள்கூட விடவில்லை. என் இடத்துக்கு அவர்களில் ஒருவரையே தயார்செய்யச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். சரி, "திரும்பி வா" கட்சிக்குப் பாதி வெற்றி.

அப்புறம், மலேரியா தடுப்பு பற்றிக் கேட்டவருக்கு: நான் எடுப்பது டாக்ஸிசைக்ளின், தினம் ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள்.