இம்ப்ரெஷன் ஏறுது, விசாரிப்பு வரலை

சின்ன டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்துறேன். எங்க தளத்தில் கட்டுரைகள் நிறைய இருக்கு. கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரியுதுன்னு காட்டுற சர்ச் கன்சோலில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் எங்க தளம் தெரிஞ்ச எண்ணிக்கை) கூடுது, ஆனா போன் அடிக்கலை. எங்கே பார்க்கணும்?

பதில் 1:
சர்ச் கன்சோலில் குவெரி பட்டியலை, அதாவது மக்கள் என்ன தேடினாங்கங்கிற பட்டியலைத் திறங்க. "எஸ்இஓ என்றால் என்ன"ன்னு (தேடலில் தளத்தை மேலே கொண்டுவர்ற வேலைதான் எஸ்இஓ) தேடுறவர் பெரும்பாலும் மாணவர்தான். காசு கொடுக்கிறவர் "பல் கிளினிக்குக்கு கூகுள் விளம்பரம், மாதம் எவ்வளவு"ன்னு தேடுவார். தேடல் முடிவில் உங்க சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள, காசு கொடுக்கிறவர் தேடுற மாதிரியான தேடல்களை மட்டும் வடிகட்டி, அந்தக் கட்டுரைகளைத் திருத்துங்க. கட்டண விவரத்தை மறைக்காதீங்க.

பதில் 2:
ஒரே தேடலுக்கு ரெண்டு கட்டுரை மோதுதான்னும் பாருங்க. வலுவானதில் மற்றதைச் சேர்த்துட்டு பழைய முகவரியிலிருந்து அதுக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமா திருப்பி விடுறது) போடுங்க. அதுக்குப் பதிலா முகப்புக்குத் திருப்பினா கூகுள் அதை சாஃப்ட் 404ன்னு, அதாவது அந்தப் பக்கமே இல்லைன்னு எடுத்துக்கலாம்.

பதில் 3:
கட்டுரை நடுவிலேயே வாட்ஸ்அப் லிங்க் வையுங்க, அதில் கட்டுரைத் தலைப்பை முன்கூட்டியே நிரப்பிடுங்க. எதைப் படிச்சு வந்தார்னு முதல் மெசேஜிலேயே தெரியும்.