புதுப்பிப்பு: நியுவே ஆந்தை நாணயத்தில் வெள்ளைப் புள்ளிகள்

போன மாதம் கேட்டிருந்தேன்: பழைய ஏதென்ஸ் காசின் ஆந்தையைப் போட்டு, பசிபிக் கடலில் இருக்கும் நியுவே தீவின் பெயரில் வந்த ஒரு அவுன்ஸ் வெள்ளி நாணயத்தில் பால் தெறித்தது போலப் புள்ளிகள், இது போலியா என்று. போலி இல்லை!

எடை 31.11 கிராம், வெள்ளியை நிறுக்கும் ஒரு அவுன்ஸுக்குச் சரி. அப்புறம் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, நாணயத்தை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்கினேன். 2.97 கிராம் காட்டியது; நாணயம் விலக்கிய தண்ணீரின் எடை அது. 31.11-ஐ அதால் வகுத்தால் நாணயத்தின் அடர்த்தி 10.47. வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பு 8.96, ஈயம் 11.3. வீட்டுத் தராசுக்கு இதுவே அதிகம்.

புள்ளிகள் 999 (ஆயிரத்தில் 999 பங்கு) சுத்த வெள்ளியில் வழக்கமாக வருவதுதானாம். விபூதி போட்டுத் தேய்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி, ஆனால் செய்யவில்லை. குத்துவிளக்குக்குச் சரி, இதில் கீறல்தான் விழும்.

“இரண்டு டாலர் என்று போட்டிருக்கிறதே, ஏமாந்துவிட்டாயா?” என்றும் ஒருவர் கேட்டார். அது நியூசிலாந்து டாலர். நியுவேயில் புழங்குவது அதுதான். உள்ளே இருக்கும் வெள்ளியே அதைவிடப் பல மடங்கு பெறும். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத தீவு அது, சொந்த நாணயச் சாலை கிடையாது. வெளியே உள்ள ஆலைகள் அச்சடித்து, பெயருக்காகத் தீவுக்கு ஒரு தொகை கொடுக்கின்றன. ஸ்டார் வார்ஸ் நாயகர்களெல்லாம் அப்படித்தான் நியுவே காசில் ஏறினார்கள்.

விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஆந்தை என்னிடமே இருக்கட்டும்.