6 வோல்ட் லாரியை 12 வோல்ட் ஆக்கியாச்சு, பழைய சாமான்களை எப்படி ஓட்டுவது?

பழையலாரி:
வண்டி 1950 ஃபோர்டு லாரி, முதலில் 6 வோல்ட், பிளஸ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டி பாடியில்). டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டு 12 வோல்ட், மைனஸ் எர்த் ஆக்கிவிட்டேன். காயில், பல்பு, ஃபிளாஷர் எல்லாம் புதுசு. மிச்சம் இருப்பது ஹீட்டர் ஃபேன், டேஷ்போர்டு மீட்டர்கள், வால்வு ரேடியோ, ஹாரன். இவற்றை மாற்ற மனசில்லை. டேஷ்போர்டுக்குப் போகும் மெயின் வயரில் பெரிய ரெசிஸ்டர் ஒன்று போட்டால் எல்லாம் 6 வோல்ட்டில் ஓடும் என்று ஒருவர் சொல்கிறார். சரிவருமா?

ஓம்கணக்கு:
சரிவராது. ரெசிஸ்டர் எவ்வளவு வோல்ட்டைக் குறைக்கும் என்பது அதன் வழியாக ஓடும் கரண்டைப் பொறுத்தது. ஃபேன் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். இன்ஜின் ஓடும்போது லைனில் 14 வோல்ட் இருக்கும், அதில் 7 குறைய வேண்டும், அப்படியானால் 1.4 ஓம் வேண்டும். இப்போது ஃபேனை நிறுத்திவிட்டு பெட்ரோல் மீட்டர் மட்டும் ஓடட்டும். அது இழுப்பது 0.2 ஆம்பியர் அளவுதான், ரெசிஸ்டரில் குறைவது கால் வோல்ட் சொச்சம், மீதி கிட்டத்தட்ட 14 வோல்ட்டும் மீட்டர் தலையில்தான் இறங்கும். அந்தக் கால ஃபோர்டு மீட்டருக்குள் கம்பி சூடாகி ஒரு தகடு வளைந்துதான் முள் நகர்கிறது, அதனால் இரட்டை வோல்ட்டில் கருகிவிடும். மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வோல்ட்டை மாறாமல் 6-இல் வைக்கும் ரெகுலேட்டர் ஒன்று போதும், 1 ஆம்பியர் தாங்கினால் தாராளம்.

ஃபேனுக்கு மட்டும் தனி ரெசிஸ்டர் போடலாம். ஆனால் 7 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 35 வாட் சும்மா சூடாகவே போகும், அதனால் அதைப் போல இரண்டு மடங்கு வாட் தாங்குவதாக வாங்கி, இரும்புத் தகட்டில், வயரும் துணியும் தொடாத இடத்தில் மாட்டுங்கள். 5 என்பது உதாரணம்தான். உங்கள் ஃபேனை 6 வோல்ட் பேட்டரியில் ஓடவிட்டு ஆம்பியர் பார்த்த பிறகு கணக்குப் போடுங்கள்.

கார்பன்பிரஷ்:
மேலே சொன்னது சரி, ஒன்று சேர்க்கிறேன். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட் அதிகம், ரெசிஸ்டர் அந்த நேரத்தில்தான் அதிகமாகக் கழுத்தைப் பிடிக்கும், புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) இறுகிய பழைய ஃபேன் என்றால் முனகிக்கொண்டு நின்றுவிடும். எண்ணெய் விட்டுப் பாருங்கள், அப்படியும் கிளம்பவில்லை என்றால் 12 வோல்ட்டை 6 ஆக்கிக் கொடுக்கும் கன்வெர்ட்டர்தான். பிளஸ், மைனஸ் மாறியதால் ஃபேன் திரும்பிச் சுற்றுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. உள்ளே ஃபீல்டு காயில் சுற்றியிருந்தால் திசை மாறாது, காந்தம் வைத்த மோட்டார் என்றால் மாறும், அதற்கு இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் போதும்.

செல்ஃப் மோட்டாரை அப்படியே விடுங்கள், 12 வோல்ட்டில் துள்ளிக்கொண்டு சுற்றும், நீட்டி அழுத்தாமல் இருந்தால் சரி. செல்ஃப் ரிலேவையும் ஹாரன் ரிலேவையும் மட்டும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஹாரனும் ஓடும், கொஞ்சம் அலறும்.

பழையலாரி:
நன்றி. ரேடியோ? பேட்டரியின் நடு செல்லிலிருந்து ஒரு வயர் இழுத்து 6 வோல்ட் எடுக்கலாம் என்றும் படித்தேன்.

ஓம்கணக்கு:
அந்த வேலையே வேண்டாம். பாதி செல்கள் காலியாகும், ஆல்டர்னேட்டர் மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் சார்ஜ் கொடுக்கும், ஒரு பாதி பட்டினி, மறு பாதி கொதிப்பு.

ரேடியோவுக்கு ரெசிஸ்டரும் வேண்டாம். வால்வு ஃபிலமென்ட் 6.3 வோல்ட் கேட்கும், அது சூடாகும் வரை கரண்ட் ஏறி இறங்கும். 10 ஆம்பியர் தரும் ஸ்டெப்-டவுன் கன்வெர்ட்டரை 6.5 வோல்ட்டில் வைத்து, முன்னால் ஃப்யூஸ் போட்டுக் கொடுங்கள். அதற்கு முன் ரேடியோவுக்குள் இருக்கும் வைப்ரேட்டரைப் பாருங்கள், பேட்டரி கரண்டை வெட்டி வெட்டி ஹைவோல்ட் ஆக்க உதவும் சாமான் அது. சில வகைகளில் அதுவே ரெக்டிஃபயர் வேலையும் (ஏசியை டிசி ஆக்குவது) செய்யும், அதில் எர்த் மாறினால் உள்ளே ஹைவோல்ட் தலைகீழாகி கெப்பாசிட்டர் போய்விடும். தனி ரெக்டிஃபயர் வால்வு இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மலிவான கன்வெர்ட்டர் மீடியம் வேவில் இரைச்சல் போடும், இரும்புப் பெட்டிக்குள் வைத்து ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

கார்பன்பிரஷ்:
ஆம்ப் மீட்டருக்கு மட்டும் ரெகுலேட்டர் வேண்டாம், அது 6, 12 இரண்டிலும் ஓடும். எர்த் மாறியதால் சார்ஜ் ஏறும்போது முள் இறங்கிக் காட்டினால், பின்னால் வளையத்துக்குள் போகும் வயரை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழையுங்கள், ஸ்க்ரூ முனை என்றால் இரண்டையும் மாற்றுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான்.