ஜப்பானா, ஜெர்மனியா: ஐந்து வருட விசாவை நம்பித் தோட்டத்தை அடகு வைக்கலாமா?

கோத்தகிரி அண்ணன்:
என் தங்கை பி.எஸ்சி. நர்சிங் முடித்துக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறாள். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனால் சம்பளத்தில் மிச்சம் என்று ஒன்றும் நிற்பதில்லை. வீட்டில் இப்போது இரண்டு யோசனை ஓடுகிறது. ஒன்று ஜப்பானில் முதியோர் பராமரிப்பு, எஸ்.எஸ்.டபிள்யூ. என்ற குறிப்பிட்ட திறன் பணியாளர் விசா, அதிகபட்சம் 5 வருடம். ஒரு ஏஜென்ட் நாலரை லட்சம் கேட்கிறார், ஏழெட்டு மாதத்தில் ஏற்றிவிடுவதாகச் சொல்கிறார். இன்னொன்று ஜெர்மனி, நர்ஸாகவே. அதற்கு பி2 என்ற மொழித் தகுதி நிலை வரை ஜெர்மன் படிக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், படிக்கும் காலத்தில் வருமானம் இருக்காது. பச்சைத் தேயிலை என்ன விலைக்குப் போகிறது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. எந்தப் பக்கம் போனாலும் பணத்துக்குத் தோட்டத்தை அடகு வைப்பது ஒன்றுதான் வழி. அப்பா ஜப்பான் என்கிறார், நான் ஜெர்மனி என்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பந்தலூர் லைன்:
தம்பி, முடிவுத் தேதி அச்சடித்த காகிதத்துக்காக நிலத்தை அடகு வைக்காதீர்கள். எங்கள் தாத்தா இலங்கையில் கண்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1948 குடியுரிமைச் சட்டம் வந்ததும் நாடற்றவர் ஆனார். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-இல்தான் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். இந்திய பாஸ்போர்ட் கிடைத்தவர்கள், பிறந்த மண்ணிலேயே தற்காலிக அனுமதியில் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். தலைமன்னாரில் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம், அப்புறம் இங்கே டான்டீ லைன், அதாவது தமிழக அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் குடியிருப்பு. ஆகவே விசா என்றால் நான் முதலில் பார்ப்பது சம்பளத்தை அல்ல. அந்தத் தேதிக்குப் பிறகு என்ன, வேலை போனால் என்ன, குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா, இந்த மூன்றும்தான். ஜப்பானின் அந்த விசாவில் கணவனையோ குழந்தையையோ கூட்டிப் போக முடியாது.

தொட்டபெட்டா72:
ஐயா, உங்கள் குடும்பம் பட்டதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது இரண்டு அரசுகள் மக்களைக் கேட்காமல் எடுத்த முடிவு. இந்தப் பெண் தானே படித்து, தேர்வு எழுதி, கையெழுத்துப் போட்டுப் போகப் போகிறாள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

நான் தற்காலிக விசா பக்கம்தான். எங்கள் ஹட்டியை, அதாவது எங்கள் ஊரைச் சுற்றிப் பாருங்கள். நிரந்தரக் குடியுரிமை தேடிப் போனவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. தேயிலை பராமரிப்பில்லாமல் மரமாக வளர்ந்து நிற்கிறது, சில தோட்டங்கள் ரிசார்ட் ஆகிவிட்டன. ஐந்து வருடத்தில் கடனை அடைத்து, கையில் ஒரு தொகையோடு திரும்பி வந்த பிள்ளைதான் ஊருக்கு மிஞ்சுகிறது. திரும்பி வருவதற்காகத்தானே போகிறோம்? முடிவுத் தேதி இருப்பது நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன்.

எல்க்ஹில்:
நாடு எது என்பது அப்புறம். அந்த நாலரை லட்சத்தை முதலில் பேசுவோம். நம் நாட்டில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். நாலரை லட்சம் என்றால், பயிற்சிக்கு எவ்வளவு, டிக்கெட்டுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப் போகப்பட்ட நம் ஊர்ப் பிள்ளைகள் மியான்மரில் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் சிக்கியதை மறந்துவிட வேண்டாம்.

அரவேணுக்காரன்:
நான் ஜப்பானில் இதே விசாவில், இதே பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். இங்கே எழுதியதில் சிலது சரி, சிலது பாதிதான்.

குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்பது உண்மை. 5 வருடம்தான் என்பதும் உண்மை. ஆனால் முடிவில் கதவே இல்லை என்று நினைக்காதீர்கள். பராமரிப்பாளருக்கான தேசியத் தேர்வு ஒன்று இருக்கிறது, பெயர் கைகோ ஃபுகுஷிஷி. மூன்று வருட வேலை அனுபவம் சேர்ந்த பிறகு எழுதலாம். தேறிவிட்டால் வேறு வகை அனுமதிக்கு மாறலாம். அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், குடும்பத்தையும் அழைக்கலாம். தேர்வு ஜப்பானிய மொழியில்தான். கடினம். எங்கள் முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடிந்து வந்து புத்தகத்தோடு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வருவதற்கு என்4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற அடிப்படை ஜப்பானிய மொழித் தேர்வு, பராமரிப்புக்கான மொழித் தேர்வு, திறன் தேர்வு, மூன்றும் தேற வேண்டும். இவற்றை இந்தியாவிலேயே எழுதலாம். தேர்வை எழுதுவது நாம்தான், ஏஜென்ட் அல்ல. சம்பளம் அதே வேலை செய்யும் ஜப்பானியருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இன்னொன்று, நாட்டைவிட்டுக் கிளம்பியதும் பென்ஷனில் நாம் கட்டியதற்கு ஈடாக ஒரு தொகை கேட்டு வாங்கலாம். அதிகபட்சம் 5 வருடம் கட்டியதைக் கணக்கில் எடுக்கிறார்கள், 2021 ஏப்ரலில் வந்த விதி அது. கிளம்பிய 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நிறையப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பந்தலூர் லைன்:
அரவேணுத் தம்பி, ஒரு கேள்வி. இப்போதைய இல்லத்தில் உங்களை மரியாதையாக நடத்தவில்லை என்று வையுங்கள். அடுத்த மாதமே வேறு இல்லத்துக்கு மாற முடியுமா?

அரவேணுக்காரன்:
மாறலாம், அதே துறைக்குள். ஆனால் என் அனுமதியோடு வரும் தாளில் முதலாளியின் பெயர் இருக்கிறது. புது இடத்தில் ஒப்பந்தம் போட்டு, குடிவரவு அலுவலகத்தில் அனுமதியை மாற்றிய பிறகுதான் அங்கே வேலையைத் தொடங்க முடியும். பழைய வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தால் அந்த மாதங்களுக்குச் சம்பளம் இல்லை. வேலை இல்லாமல் 3 மாதத்துக்கு மேல் போனால் அனுமதியை ரத்து செய்யவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பந்தலூர் லைன்:
இதைத்தான் சொல்ல வருகிறேன். நம் எஸ்டேட்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்து இலை பறிப்பவர்கள் இருக்கிறார்கள். வசதியான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேஸ்திரி சரியில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த எஸ்டேட்டுக்குப் போய்விடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சம்பளம் பத்து மடங்காகவே இருக்கட்டும், அந்த ஒரு சுதந்திரம் முதலாளி பெயர் அச்சடித்த விசாவில் இல்லை. வீட்டில் அடகுக் கடனும் இருந்தால் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லவே பயமாகிவிடும். கடனும் கட்டுண்ட விசாவும் சேரக் கூடாது. ஏதாவது ஒன்றோடு போகலாம், இரண்டோடும் போகக் கூடாது.

தொட்டபெட்டா72:
அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளை எங்கேயும் போகவே முடியாது. கடன் வாங்காமல் கிளம்பும் அளவுக்கு வசதி இருந்தால் எதற்கு வெளிநாடு? எச்.பி.எஃப். ஃபிலிம் தொழிற்சாலையை மூடிய பிறகு ஊட்டியில் சம்பளம், பி.எஃப். என்று ஒழுங்கான வேலை எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள். இங்கேயே உட்கார்ந்து கோவைச் சம்பளத்தில் ஐந்து வருடம் போவதும் ஒரு இழப்புதான். அந்த இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கூடலூர்ப் பொண்ணு:
நான் ஜெர்மனியில் நர்ஸ். கோத்தகிரித் தம்பிக்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

பி.எஸ்சி. நர்சிங் படித்த பெண்ணைப் பராமரிப்பாளர் வேலைக்கு அனுப்பினால் ஐந்து வருடத்தில் அவளுடைய நர்ஸிங் அனுபவம் நின்றுவிடும். திரும்பி வந்து மருத்துவமனையில் சேரும்போது அந்த இடைவெளியைத்தான் கேட்பார்கள். தொட்டபெட்டா அண்ணா கணக்கில் இது வரவில்லை.

இங்கேயும் முதல் நாளே நர்ஸ் ஆகிவிட முடியாது. நம் படிப்பை இங்குள்ள படிப்போடு ஒப்பிட்டு எது குறைகிறது என்று அரசு எழுதித் தரும். அதை ஈடுகட்டத் தழுவல் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளர் சம்பளம், உதவியாளர் வேலை. குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கை மாற்றுவது எல்லாம் இங்கே நர்ஸின் வேலைதான், அங்கீகாரம் வந்த பிறகும். இதை யாரும் கிளம்புமுன் சொல்வதில்லை, வந்த பிறகு மனம் ஒடிந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கீகாரம் வந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. 2024 மார்ச் முதல் திறன்மிகு பணியாளருக்கு 3 வருடத்தில் நிரந்தரத் தங்கும் அனுமதிக்கு வழி இருக்கிறது. கணவரை அழைக்கலாம், அவர் தடையின்றி வேலை பார்க்கலாம். வேலை போனால் இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு வேலை தேட அவகாசம் கொடுப்பதுதான் நடைமுறை.

பந்தலூர் அண்ணன் சொல்லும் கட்டு இங்கேயும் வேறு உருவத்தில் வரும். சில ஒப்பந்தங்களில், இத்தனை வருடத்துக்குள் விலகினால் மொழிப் பயிற்சிச் செலவையும் ஆள் எடுத்த செலவையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு பத்தியைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.

எல்க்ஹில்:
இங்கிலாந்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், யாராவது இன்னும் அந்த ஆசையில் இருந்தால். என் சித்தப்பா மகள் அங்கே கேர் வொர்க்கராகப் போனாள். அவளை எடுத்த நிறுவனத்தின் ஸ்பான்சர் உரிமத்தை, அதாவது வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் உரிமத்தை, அரசு பறித்துவிட்டது. தப்பு நிறுவனத்துடையது, தண்டனை இவளுக்கு. 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேடு, இல்லையென்றால் கிளம்பு என்று கடிதம். அலைந்து திரிந்து ஒரு இடம் கிடைத்தது. 2024 மார்ச் 11 முதல் கேர் வொர்க்கர்கள் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. 2025 ஜூலை 22-லிருந்து அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். விதி எப்போது வேண்டுமானாலும் மாறும், அதனால் இன்றைய விதியை நம்பிப் பத்து வருடக் கடன் வாங்காதீர்கள்.

தொட்டபெட்டா72:
விதி மாறும் என்றால் ஜெர்மனி விதியும் மாறும். ஐந்து வருடத்தில் குடியுரிமை, நன்றாக ஒன்றிப் போனவர்களுக்கு மூன்றே வருடம் என்று 2024-இல் சட்டம் போட்டார்கள். அந்த மூன்று வருட வழியை 2025-லேயே எடுத்துவிட்டார்கள். நிரந்தரம் என்று நம்பிப் போகிறவருக்குத்தான் இது பெரிய அடி. போகும்போதே ஐந்து வருடம் என்று தெரிந்து போகிறவருக்கு ஏமாற்றம் இல்லை. கூடலூர்த் தங்கச்சி சொன்ன நர்ஸிங் இடைவெளியை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், அது நியாயமான கேள்வி. மற்றபடி என் நிலை அதேதான்.

கோத்தகிரி அண்ணன்:
எல்லோருக்கும் நன்றி. ஏஜென்டிடம் பதிவு எண் கேட்டேன். அடுத்த வாரம் அலுவலகத்துக்கு நேரில் வாருங்கள் என்கிறார், எண்ணை மட்டும் சொல்லவில்லை. அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். ஏஜென்ட் வேண்டாம் என்பதில் அவரும் இப்போது என் பக்கம். ஆனால் ஜப்பான்தான் என்கிறார். ஜெர்மன் படித்து முடிப்பதற்குள் தங்கைக்குக் கல்யாண வயது போய்விடும் என்ற கவலையும் அவருக்கு. பக்கத்தில் தங்கை இருக்கிறாள், அவளே எழுதுகிறாள்.

வணக்கம். நான்தான் அந்தத் தங்கை. என்னைப் பற்றி எல்லோரும் அக்கறையோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நர்ஸாகவே இருக்க வேண்டும், அதில் மாற்றம் இல்லை. தோட்டத்தை அடகு வைப்பதிலும் எனக்குச் சம்மதம் இல்லை. கோவை வேலையை விடாமல் மாலையில் ஜெர்மன் படிக்க முடியுமா? அதிக நாள் ஆனாலும் பரவாயில்லை. கூடலூர் அக்காவிடம்தான் கேட்கிறேன்.

கூடலூர்ப் பொண்ணு:
முடியும்மா. பி1 வரை வேலையோடு போய்விடலாம், நைட் டியூட்டி மட்டும் குறைத்துக் கேள். பி2-க்குத்தான் கொஞ்ச காலம் முழு நேரம் தேவைப்படும், அதற்கு இப்போதிருந்தே சேர்த்து வை. கோவையில் கோதே மையம் இருக்கிறது. அவர்களுடைய பி1, பி2 தேர்வில் படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது நான்கும் தனித்தனிப் பகுதி. ஒன்று போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, ஓ.எம்.சி.எல். என்பார்கள், 1978-லிருந்து நடக்கிறது. நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சியோ ஆள் எடுப்போ அறிவித்திருக்கிறார்களா என்று அவர்கள் தளத்தை அடிக்கடி பார். நர்ஸிங் கவுன்சில் பதிவு, மதிப்பெண் பட்டியல், பாடவாரியான மணிக்கணக்கு எல்லாவற்றையும் கல்லூரியில் இப்போதே கேட்டு வாங்கு. பாடமணிக் கணக்கு வாங்கத்தான் நிறையப் பேர் கடைசி நேரத்தில் அலைகிறார்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்பு. ஊர், பெயர் எல்லாம் மறைத்து அனுப்பினால் போதும். விலகினால் எவ்வளவு, எத்தனை வருடம் என்று இருக்கும் பத்தியை நான் தமிழில் சொல்கிறேன், அப்பாவும் சேர்ந்து கேட்கட்டும்.