நடவுப் படம்: முகம் கருத்துப்போகுது, வானம் வெளுத்துப்போகுது. எங்கே தப்பு?

குடமுருட்டி:
திருவையாறு பக்கம் சம்பா நடவு, ஐப்பசி காலை 7 மணி. மேற்கு வரப்பில் நின்று கிழக்கே பார்த்து எடுத்தது. கேனான் 1500டி, 18-55 கிட் லென்ஸ், 55 மி.மீ., லென்ஸ் துளை எஃப்/8, ஷட்டர் 1/60 நொடி, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ஜேபெக். முகங்கள் கரி மாதிரி, வானம் வெறும் வெள்ளை, நாற்றைப் பிடித்த கை லேசாகக் கலங்கியிருக்கு. தயங்காமல் குறை சொல்லுங்க.

வெண்ணாறு:
தம்பி, முதலில் நல்லதைச் சொல்லிடறேன். நாற்று முடி (நாற்றுக் கட்டு) தண்ணீரில் விழும் நொடியைப் பிடிச்சிருக்கீங்க. வரிசை இடமிருந்து வலமாகச் சாய்ந்து போவதும் அழகு. குறை கேமராவில் இல்லை, நின்ற இடத்தில்.

சூரியன் எதிரே. வானமும் வெளிச்சம், வயல் தண்ணீரும் வெளிச்சம். கேமராவின் ஒளி மீட்டர் இரண்டையும் சேர்த்து நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதனால் ஆட்கள் கருத்துப்போவாங்க. அதே இடத்தில் எக்ஸ்போஷரை (படத்துக்கு எடுக்கும் வெளிச்ச அளவை) ஏற்றினால் வானம் இன்னும் போயிடும். தெற்கு வரப்புக்குப் போய் வடக்கே பாருங்க. ஐப்பசியில் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி எழும், வெளிச்சம் உங்க வலது தோளுக்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வரும். நடவு ஆளுங்க குனிஞ்சே பின்னால நகர்வாங்க. கிழக்கே பார்த்து நடுகிற வரிசையாப் பிடிங்க. தாழ்ந்த வெயில் தண்ணீரில் பட்டு முகத்துக்கு அடியிலிருந்து ஏறும், தனியா ரிஃப்ளெக்டர் வேண்டாம். அடுத்த முடி எடுக்க நிமிரும் நொடிதான் முகம் கிடைக்கும். உங்க நிழல் வயலில் நீளமா விழுதான்னு பாத்துக்குங்க.

கை கலங்கினதுக்குக் காரணம் 1/60. நடும் கைக்கு 1/250 வேணும். எஃப்/5.6, 1/250, ஐஎஸ்ஓ 400 வச்சா இந்தப் படத்தைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூடும். முடி வீசும்போது தெறிக்கும் தண்ணீர் உறையணும்னா 1/1000, ஐஎஸ்ஓ 1600. நாய்ஸ் (படத்தில் புள்ளிபுள்ளியா இரைச்சல்) வரும்னு பயந்து ஐஎஸ்ஓ 100-லயே நிக்காதீங்க. நாய்ஸைக் குறைக்கலாம், கலங்கலைத் திருத்த முடியாது.

இன்னொண்ணு: நடுவில் நிற்கிற அம்மா தலையிலிருந்து மின்கம்பம் முளைச்சிருக்கு. இடப்பக்கம் ரெண்டு அடி நகர்ந்திருந்தா போதும்.

அரசலாறு:
வெண்ணாறு அண்ணே சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக்கருத்து. எதிர்வெயில் தப்பில்லை, அரைகுறையா எடுத்ததுதான் தப்பு. முகம் வேண்டாம்னு முடிவு பண்ணினா எக்ஸ்போஷரை −1 இறக்கி முழு நிழலுருவமா எடுக்கலாம். ஆனா அப்போ உருவங்கள் ஒட்டக் கூடாது. இந்தப் படத்தில் மூணு பேர் ஒரே கருப்புக் கட்டியா இருக்காங்க. ஆளுக்கு ஆள் இடைவெளி, கைக்கும் காலுக்கும் நடுவே தண்ணீர் தெரியணும். வரப்பில் நின்ன உயரத்திலிருந்து எடுத்தா குனிந்த முதுகுகள் பளபளக்கும் தண்ணீர்மேல தெளிவா விழும். உட்கார்ந்து எடுத்தா தூரத்துத் தென்னந்தோப்போட கலந்துடும்.

கட்டாயம் ரா (RAW) ஃபைலா எடுங்க, அது கேமரா சுருக்காத மூலப் பதிவு. ஜேபெக் 8 பிட்தான். இருண்ட இடத்தைப் பிறகு வெளிச்சமாக்க இழுத்தா பச்சையெல்லாம் திட்டுத்திட்டா வரும். வெண்சமநிலையை (ஒயிட் பேலன்ஸ், நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாம டேலைட்டில் வைங்க, இல்லாட்டி காலை மஞ்சளை கேமராவே கழுவிடும்.

குடமுருட்டி:
ரொம்ப நன்றி அண்ணே! பளபளப்பைக் குறைக்கிற போலரைசர் ஃபில்டர் வாங்கினா உதவுமா?

அரசலாறு:
இந்தப் படத்துக்கு வேண்டாம். தண்ணீர்ப்பரப்போடு சுமார் 35-40 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அது பளபளப்பை நல்லா வெட்டும், ஒன்றரை முதல் ரெண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் சாப்பிடும். வெட்டினா மிஞ்சுவது சேறுதான்! உங்க படத்துக்கு உயிரே அந்தப் பளபளப்பு. விளைஞ்ச பயிரின் இலை மினுக்கத்தைக் குறைக்க வேணும்னா தை மாசத்துக்கு வச்சுக்குங்க.

வெண்ணாறு:
வயலுக்குள்ள இறங்கிடாதீங்க. நட்டது பச்சை பிடிக்கச் சில நாளாகும், அதுக்குள்ள மிதிச்சா நாற்று மிதந்து வந்துடும். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்துட்டு வந்தா பையின் ஜிப்பைத் திறக்காம அரை மணி விடுங்க, லென்ஸில் ஈரம் படிந்து மங்காது. நடவு ஆளுங்களைக் கேட்டுட்டு எடுங்க, அடுத்த தரம் போகும்போது பிரிண்ட் போட்டுக் கொடுங்க.