பவர் பத்திரம் தாளில்தான்; பட்டாவும் வில்லங்கமும் கோப்பாகவே போதும்

வெளிநாட்டில் இருக்கும் ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

"பவர் பத்திரத்தில் (நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) கையெழுத்துப் போட்டு ஸ்கேன் அனுப்பினால், ஊரில் தம்பி அதை வைத்துப் பதிந்துவிடலாமா?" என்று நம் குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற ஆவணங்களுக்கும் வழி பிடிபடும்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்கையொப்பத்தை ஏற்கிறது. ஆனால் அதன் முதல் அட்டவணை சில ஆவணங்களை விலக்கி வைத்திருக்கிறது. உயிலும் அறக்கட்டளைப் பத்திரமும் பவர் பத்திரமும் அதில் அடக்கம். 2022 செப்டம்பரில் வந்த திருத்தம் வங்கி போன்ற நிதி நிறுவனங்களுக்குக் கொடுக்கும் பவருக்கு மட்டும் இடம் விட்டது. தம்பிக்கோ மைத்துனருக்கோ கொடுக்கும் பவர் இன்றும் மையால் கையெழுத்திட்ட தாளாகத்தான் இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் எழுதும் பவரைச் சார்பதிவாளர் ஏற்பதற்குப் பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவு வழி சொல்கிறது: நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி போன்ற ஒருவர் முன்னிலையில் கையெழுத்திட்டு அவர் சான்றளித்திருக்க வேண்டும். தூதரகம் பக்கத்தில் இருந்தால் அதுவே நல்லது. ஊரில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நோட்டரி வழியில் போகிறவர்கள் அந்நாட்டு அரசின் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணத்தைப் பிற நாடுகள் ஏற்பதற்கான சான்று) வாங்கிவிடுங்கள். இதற்கு அடிப்படையான 1961 ஹேக் உடன்படிக்கை இந்தியாவில் 2005-இலும், சிங்கப்பூரில் 2021-இலும், கனடாவில் 2024-இலும் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் சேராத நாட்டில் இருப்பவர்கள் நேராகத் தூதரகத்துக்கே போய்விடுங்கள்.

வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதிகாரியின் கண்முன் போட வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும். சொத்து விவரத்தில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பளவு, நான்கு எல்லை எல்லாம் தாய்ப்பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். மிகுதியும் சிக்கல் வருவது பெயரில்தான். பத்திரத்தில் இனிஷியலோடு இருக்கும் பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு விரிந்திருக்கும். இரண்டு வடிவத்தையும் "என்கிற" போட்டு ஒரே வரியில் எழுதிவிடுங்கள். இதை விட்டுவிட்டு மறுபடியும் பவர் எழுதுவது என்றால் தூதரகத்துக்கு இன்னொரு நடை, கூரியருக்கு இன்னொரு செலவு.

முத்திரைத்தாளை ஊரிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை, வெள்ளைத்தாள் போதும். முத்திரைச் சட்டம் 18-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் தீர்வை கட்டலாம். கணக்கு கையெழுத்திட்ட நாளிலிருந்து ஓடுவதில்லை. அதனால் கூரியர் உறையையும் ரசீதையும் தூக்கிப் போடாமல் பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. பவரை வைத்து விற்பனை பதியும்போது, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அண்மைத் தேதியிட்ட சான்றும் கேட்பார்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

உயிலும் இப்படித்தான். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட மூலத்தாள் வேண்டும். வீடியோவில் பேசிப் பதிந்து வைத்தால் உயில் ஆகிவிடாது. மூலம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைக் குடும்பத்தில் இருவருக்காவது சொல்லி வையுங்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று, பிறப்புச் சான்று இவற்றில் நிலைமை தலைகீழ். மூலமே துறையின் கணினியில்தான் இருக்கிறது. நம் கையில் உள்ள தாள் அதன் அச்சு மட்டுமே. கேட்பவர் கியூஆர் குறியையோ சான்று எண்ணையோ வைத்துத் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்வார். பத்து வருடம் முன்பு வாங்கிய பட்டா நகலைப் பத்திரப்படுத்துவதைவிட, இன்றைய தேதியில் ஒன்று இறக்குவது மேல். இடையில் உட்பிரிவு மாறியிருந்தால் அதில் தெரியும்.

மின்கையொப்பம் உள்ள பிடிஎஃப் வந்தால் அந்தக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். கையொப்பம் கோப்புக்குள் இருக்கிறது, தாளில் தெரியும் பச்சைக் குறியில் இல்லை. அச்செடுத்து ஸ்கேன் செய்தாலோ, பக்கங்களைப் பிரித்தாலோ, அளவைச் சுருக்கினாலோ, "பிடிஎஃப் ஆக அச்சிடு" என்று சேமித்தாலோ கையொப்பம் போய்விடும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். திறந்ததும் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் போலி என்று பதற வேண்டாம். இந்திய மின்கையொப்பச் சான்றிதழ்களுக்கு மேலாக நிற்கும் அரசு அமைப்பான சிசிஏ-வின் வேர்ச்சான்றிதழ் (மற்றவற்றை உறுதிசெய்யும் தலைமைச் சான்றிதழ்) உங்கள் கணினியில் நம்பகப் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். அதைச் சிசிஏ தளத்திலிருந்தே இறக்கி, அக்ரோபாட் ரீடரின் நம்பகச் சான்றிதழ்களில் சேர்த்து, மறுபடி சரிபாருங்கள். வந்த கோப்புக்குள் இருக்கும் சான்றிதழையே கண்ணை மூடிக்கொண்டு "நம்பு" என்று அழுத்தாதீர்கள். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒன்று தயாரித்துவிடலாம்.

அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரிலும் ஒரு குழப்பம் உண்டு. துறை வழங்கி "வழங்கப்பட்ட ஆவணங்கள்" பகுதியில் வந்து விழுவது மூலத்துக்குச் சமம். 2017-இலேயே விதி வந்துவிட்டது. நாமே ஸ்கேன் செய்து ஏற்றுவது வெறும் நகல். இரண்டும் ஒரே செயலிக்குள் இருப்பதால் பலரும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.

தாய்ப்பத்திரத்தை ஸ்கேன் செய்யும்போது 300 டிபிஐ, வண்ணம், இரண்டு பக்கமும். பதிவு எண்ணும் சார்பதிவாளர் கையெழுத்தும் கைரேகையும் பல பத்திரங்களில் தாளின் பின்புறம்தான் இருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பினால் வழக்கறிஞரால் ஒன்றும் சொல்ல முடியாது. எந்த மூலத்தையும் லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் முத்திரை குத்தவோ மேலொப்பம் எழுதவோ வேண்டி வந்தால் பிளாஸ்டிக் மேல் மை நிற்காது, பிரிக்கப் போனால் தாளே கிழிந்துவிடும்.