தொழுவத்து கேமராவை நெட் இல்லாமல் வீட்டு பிரவுசரில் பார்ப்பது எப்படி?

வயக்காட்டான்:
வணக்கம் அண்ணாச்சி. சேரன்மகாதேவி பக்கம், வீட்டுக்குப் பின்னால 40 மீட்டர் தள்ளி மாட்டுத் தொழு. சினைமாட்டை ராத்திரி கவனிக்க ஐபி கேமரா மாட்டியாச்சு. ஆர்டிஎஸ்பி (கேமரா படத்தை அனுப்புற முறை) முகவரி கொடுத்தா விஎல்சி பிளேயரில் படம் வருது, குரோமில் வரலை. நெட் போனாலும் வீட்டு வைஃபையில் எல்லா போன்லயும் தெரியணும். ராஸ்பெர்ரி பை 4 (சின்ன கம்ப்யூட்டர்) இருக்கு.

பொருநைக்கரை:
குரோம் மட்டுமில்ல, எந்த பிரவுசரும் ஆர்டிஎஸ்பியை நேரடியா ஓட்டாது. ராஸ்பெர்ரி பையில் கோ2ஆர்டிசி (go2rtc) சாஃப்ட்வேர் போடுங்க, அது பிரவுசர் ஓட்டக்கூடிய வெப்ஆர்டிசி முறைக்கு மாத்திக் கொடுக்கும். ஒரே ஃபைல்தான், இறக்கி, இயக்க அனுமதி கொடுத்து ஓட்டணும். பையோட ஐபி 192.168.1.10-ன்னா, போன் பிரவுசரில் 192.168.1.10:1984 அடிங்க. கான்ஃபிக் பக்கத்தில் ஸ்ட்ரீம்ஸ் (streams:) தலைப்புக்குக் கீழ 2 ஸ்பேஸ் விட்டு கேமராவுக்கு ஒரு பேரு, அதை ஒட்டி : குறி, ஒரு ஸ்பேஸ், பிறகு ஆர்டிஎஸ்பி முகவரி. டேப் தட்டினா பிழை காட்டும். பாஸ்வேர்டில் # இருந்தா %23-ன்னு எழுதுங்க. # வந்த இடத்தோட முகவரி முடிஞ்சதா அது எடுத்துக்கும். எச்எல்எஸ் (துண்டு துண்டா அனுப்புற முறை) வேண்டாம், பல செகண்ட் பிந்தும். வெப்ஆர்டிசியில் ஒரு செகண்டுக்குள்ள வந்துரும்.

வயக்காட்டான்:
சத்தம் கேக்கு அண்ணாச்சி, படம் கருப்பா நிக்கி.

வாழைத்தோப்பு:
கேமரா எச்.265-ங்கிற சுருக்க முறையில் படத்தை அனுப்புது. பல போன் பிரவுசர் வெப்ஆர்டிசியில் அதை எடுக்காது. பையில் மாத்த முயற்சி பண்ணாதீங்க, சூடாகி படம் திக்கும். கேமரா செட்டிங்லயே எச்.264 வைங்க. சப் ஸ்ட்ரீம் (கேமரா கூடவே தர்ற சின்ன அளவுப் படம்) 640×360, செகண்டுக்கு 15 ஃபிரேம், ஐ-ஃபிரேம் (முழுசா வர்ற படம்) இடைவெளி 15 ஃபிரேம், 512 கேபிபிஎஸ்: மாடு எழும்புறதும் படுக்கிறதும் இதிலேயே தெளிவாத் தெரியும். இடைவெளியை 60 வச்சா, திறந்ததும் படம் வர 4 செகண்ட் கூட ஆகலாம். சத்தத்தோட சுருக்க முறை ஜி.711-லயே இருக்கட்டும், ஏஏசி முறையை வெப்ஆர்டிசி எடுக்காது.

பொருநைக்கரை:
தகரக் கூரைன்னா வைஃபையை நம்பாதீங்க. 100 மீட்டர் வரைக்கும் கேட்6 கேபிள் தாங்கும், பிஓஇ-ன்னா கரண்டும் அதிலேயே போயிரும். ஆனா முழுச் செம்பு கேபிளா கேட்டு வாங்குங்க. செம்பு பூசின அலுமினியத்தில் வோல்டேஜ் இறங்கி, ராத்திரி ஐஆர் (இருட்டில் படம் எடுக்கிற அகச்சிவப்பு விளக்கு) எரியும்போது கேமரா அணைஞ்சு அணைஞ்சு வரும். ஐப்பசி இடிமழைக்கு ரெண்டு முனையிலும் சர்ஜ் புரொடெக்டர் (திடீர் மின் பாய்ச்சலைத் தடுக்கிறது) அவசியம். லென்ஸ் முன்னாடி சிலந்தி வலை கட்டினா ஐஆர் பட்டு படமே வெளுத்துரும், வாரம் ஒருக்கா துடைங்க.

ரவுட்டரில் கேமராவுக்கும் பைக்கும் ஐபியை நிலையா ஒதுக்கிருங்க. ரவுட்டர், கேமரா, பை மூணும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். 1984 போர்ட்டை மட்டும் வெளி நெட்டுக்குத் திறந்துராதீங்க. அந்தப் பக்கத்துக்கு நாமளா வைக்காத வரைக்கும் பூட்டு கிடையாது, கான்ஃபிக்கில் கேமரா பாஸ்வேர்டு அப்படியே தெரியும்.